தொண்ணூற்று நாலும் ஒரு தலையணையும்

குடையை விரித்துக் கம்ப்யூட்டருக்குப் பிடித்த பிறகுதான் அவர் நாற்காலியில் உட்காருகிறார். மழைக்காக அல்ல, ஜன்னலுக்காக. அறையின் ஒரே ஜன்னல் கிழக்கே பார்த்திருக்கிறது. காலை வெயில் நேராகத் திரையில் வந்து விழும். திரைச்சீலை கேட்டு எழுதி இரண்டு வருடமாகிறது, கடிதம் ஏதோ ஒரு மேஜையில் தூங்குகிறது. "அவங்க தூங்கட்டும். வெயில் தூங்குமா?" என்று வீட்டிலிருந்து ஒரு கறுப்புக் குடையைக் கொண்டுவந்து, அதன் கைப்பிடியை அலமாரிக் கதவில் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். "வெளி ஆளுங்க பார்த்தா என்ன நினைப்பாங்க மேடம்?" என்று துறைத் தலைவர் ஒருமுறை கேட்டாராம். "திரைச்சீலை இல்லைன்னு நினைப்பாங்க சார்" என்று பதில் போயிருக்கிறது.

குடைக்குக் கீழே ஓடுவது முன்பின் தெரியாத மனிதர்களின் நுரையீரல்கள். மார்பை ரொட்டித் துண்டு போல மெல்லிசாக நறுக்கிப் பார்த்த சி.டி. ஸ்கேன் படங்கள், ஆளுக்கு முந்நூறு நானூறு இருக்கும். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் கழுத்தில் ஆரம்பித்து வயிறு வரைக்கும் இறங்கலாம். இவருக்கு ஐம்பத்திரண்டு வயது, சின்ன உடம்பு, பெரிய குரல். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தேடுவார்.

பல்கலைக்கழகக் கட்டடத்தில் இவருக்குப் பெயர் "தொண்ணூத்தி நாலு". வாசல் காவலர்கூட "தொண்ணூத்தி நாலு மேடமா? மூணாவது மாடி" என்றுதான் வழி சொன்னார். இவர் ஒன்பது வருடம் உழைத்து, ஆஸ்பத்திரிப் படங்களைக் காட்டிக் காட்டிப் பழக்கி எழுதிய புரோகிராம், நூறு பேருடைய ஸ்கேனைக் கொடுத்தால் தொண்ணூற்று நாலு பேருக்கு நுரையீரல் நோய் உண்டா இல்லையா என்று சரியாகச் சொல்லிவிடும். சாதாரண சளி, காய்ச்சல் இல்லை. வருடக்கணக்கில் உள்ளே உட்கார்ந்து ஆளை அரிக்கிற நோய். "மூச்சை இழுக்கறது இல்லீங்க கஷ்டம். விடறதுதான்" என்றார் என்னிடம். "புது பலூனை ஊதி விட்டா காத்து தானா வெளிய வந்துடும். பழைய பாலிதீன் பையை ஊதிப் பாருங்க. உள்ள போன காத்து போனதுதான், வெளிய வராது. நுரையீரல் அப்படித் தொளதொளன்னு ஆயிடும்."

நான் அவரைப் பாராட்டி எழுதத்தான் போனேன். பத்திரிகையில் ஒரு பக்கம், ஒரு படம், "சாதனை" என்று ஒரு தலைப்பு. முதல் கேள்வியை நான் கேட்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"எத்தனை?"

"என்ன எத்தனை மேடம்?"

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"

கையைக் கழுவி, கிராம்பு மென்றுவிட்டுத்தான் மாடி ஏறியிருந்தேன். "நாலு" என்றேன். என் விரலைப் பார்த்தார். "நாலுக்கு விரல் இப்படி மஞ்சளாகாது. சரி, படி ஏறும்போது பேச முடியுதா?" இதை அவர் எல்லாரிடமும் கேட்கிறார். தபால் கொண்டுவருபவரிடம், குழாய் ரிப்பேருக்கு வந்தவரிடம், பட்டமளிப்புக்கு வந்த சிறப்பு விருந்தினரிடம். சிறப்பு விருந்தினர் கோபித்துக்கொண்டு, மறு வாரமே மருத்துவரைப் பார்த்தாராம்.

அன்று அவருக்கு நல்ல மனநிலை. முப்பது ஊர்களில் உள்ள மூச்சு மருத்துவ நிலையங்கள் இந்தப் புரோகிராமைத் தங்கள் இடத்தில் வைக்க ஒப்புக்கொண்டிருந்தன. அடுத்த மாதம் ஒரு விழா, அதில் கையெழுத்து. அதன் பிறகு அந்த நிலையங்களில் புரோகிராம் "நோய் இல்லை" என்று சொன்னால், ஆளை மேற்கொண்டு சோதிக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது ஏற்பாடு. டாக்டர்களுக்கு நேரம் மிச்சம். இவருக்கும் பேராசிரியர் பதவி அநேகமாகக் கைக்கு வந்த மாதிரிதான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்களே, அப்படித் திரையைத் தட்டித் தட்டிக் காட்டினார். நானும் நாலு பக்கம் குறித்துக்கொண்டு வந்தேன்.

அக்காவைச் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது. ஆறு வயது மூத்தவர். பஞ்சாலையில் இருபத்து நாலு வருடம் நூல் இழுத்துவிட்டு, இப்போது தங்கையோடு ஒரே வீட்டில் இருக்கிறார். அவர்கள் குடியிருப்பதும் மூன்றாவது மாடி. அக்கா இரண்டாவது மாடித் திருப்பத்தில் எப்போதும் நின்று, சுவரில் இருக்கும் மின்சார மீட்டரை உற்றுப் பார்ப்பார். பக்கத்து வீட்டு மீட்டர் அது.

"அவங்க மீட்டர்ல உனக்கு என்னக்கா வேலை?"

"சும்மா பார்க்கிறேன்டி. சக்கரம் வேகமா ஓடுது."

சக்கரம் ஓடும் மீட்டரை எடுத்துவிட்டு, எண் மட்டும் ஓடுகிற மீட்டரை மாட்டி மூன்று வருடமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் "படி ஏற முடியுதா" என்று கேட்டவர், தன் வீட்டுப் படியில் அக்கா மூச்சு வாங்குவதை அதுவரை கவனிக்கவில்லை. நான் பேட்டி எடுத்துவிட்டு வந்த சில நாளில், ஆஸ்பத்திரிக்குப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஊதுகிற சோதனை செய்ய வைத்தார். குழாயில் ஊதச் சொல்லி, எவ்வளவு காற்று எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்று அளப்பார்கள். பாதிதான் வந்தது. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஒன்பது வருடத்தில் ஸ்கேன் அறைக்குள் இவர் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. படங்கள் எல்லாம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே வந்தவை, ஆனால் கம்ப்யூட்டர் வழியாகவே வந்துவிடும். போக வேண்டிய அவசியமே இருந்ததில்லை. ஸ்கேன் எடுப்பவர் வாட்டசாட்டமான, பொறுமையான மனிதர். அக்காவைப் பலகையில் ஏற்றிவிட்டு, "அம்மா, முதுகுக்குக் கீழ தலையணை வைக்கட்டுமா? மட்டமா படுத்தா மூச்சு முட்டும்" என்று கேட்டார்.

"எதுக்கு? நான் என்ன சீக்காளியா? அதெல்லாம் மட்டமாவே படுப்பேன்" என்று அக்கா படுத்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் வீம்பு தாராளமாகக் கிடைக்கும்.

அக்காவின் படத்தைக் குடைக்குக் கீழே வைத்துப் புரோகிராமை ஓட்டினார். நோய்க்கு வாய்ப்பு நூற்றுக்கு ஏழு என்று வந்தது. அதாவது நோய் இல்லை, வீட்டுக்குப் போகலாம். ஆனால் படத்தைக் கண்ணால் பார்த்தாலே தெரிகிறது, நுரையீரல் பூச்சி அரித்த துணி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. மறுபடி ஓட்டினார். மறுபடி ஏழு. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அக்கா கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நான் மாடிப்படியில நடிக்கிறேனாடி?"

மறுநாள் காலை ஸ்கேன் அறை வாசலில் போய் நின்றார். அந்தத் தலையணையை யாருக்கு வைப்பீர்கள் என்று கேட்டார்.

"மூச்சு வாங்கறவங்களுக்குத்தான் மேடம். நல்லா இருக்கறவங்களுக்கு எதுக்கு?"

"எத்தனை வருஷமா?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து. பழைய மெத்தையை நானே சரிவா வெட்டித் தைச்சேன்" என்று அவர் பெருமையாக எடுத்துக் காட்டினார். பழுப்பு உறை போட்ட, முக்கோணமான நுரைப்பஞ்சுத் துண்டு. இவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் வெகு நேரம் உட்கார்ந்திருந்ததாக ஸ்கேன்காரர் பின்னால் என்னிடம் சொன்னார். "வயித்து வலியோன்னு நினைச்சேன் சார். தண்ணி வேணுமான்னு கேட்டேன். 'நீங்க நல்லதுதான் செஞ்சீங்க, நான்தான் பார்க்கல'ன்னு சொன்னாங்க. என்னத்தைப் பார்க்கலன்னு எனக்குப் புரியல."

நான் இரண்டாவது முறை போனது அந்த வாரத்தில். வாங்க என்றுகூடச் சொல்லாமல் திரையைக் காட்டினார். படத்தில் முதுகுக்குக் கீழே, பலகைக்கு மேலே, புகை படிந்த மாதிரி மங்கலான ஒரு சரிவு. விரல் வைத்துக் காட்டியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. "இதான் தலையணை. எங்க கண்ணு நேரா நுரையீரலுக்குத்தான் போகும். பழக்கம். நுரையீரல் டாக்டர் எவரும் முதுகுக்குக் கீழ பார்க்க மாட்டார். மெஷினுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அது எல்லாத்தையும் பார்க்கும். நுரையீரலைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கறது கஷ்டம். தலையணையைப் பார்த்துக் கண்டுபிடிக்கறது சுலபம். அது சுலபமானதை எடுத்துக்கிச்சு. தலையணை இருந்தா நோய், இல்லாட்டி இல்லை."

"நிச்சயமா மேடம்?"

"நீங்களே பாருங்க." வேறொரு நோயாளியின் படங்களை எடுத்தார். இரண்டு நுரையீரல்களையும் கறுப்பால் பூசி அழித்தார். விலா எலும்பு இருக்கிறது, முதுகெலும்பு இருக்கிறது, நடுவில் இரண்டு கரிய பள்ளம். கீழே தலையணை பத்திரமாக இருந்தது. புரோகிராமை ஓட்டினார். நோய்க்கு வாய்ப்பு தொண்ணூற்று மூன்று.

"நுரையீரலே இல்லாத ஆளுக்கு நுரையீரல் நோய்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. போச்சே என் கட்டுரை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அப்புறம்தான் அந்த முப்பது ஊர்கள் ஞாபகத்துக்கு வந்தன. எந்த ஊரிலும் இந்த ஸ்கேன்காரர் தைத்த தலையணை இருக்கப்போவதில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவர்கள் எல்லாரும் மட்டமாகப் படுத்து, "நோய் இல்லை" என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

விஷயத்தை ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்த துறைத் தலைவர் உள்ளே வந்தார். நான் ஓரமாக எழுந்து நின்றேன், யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அவர் கெட்டவர் இல்லை. இந்த ஒன்பது வருடமும் இவருக்காக இடம், கம்ப்யூட்டர், ஆள் எல்லாவற்றுக்கும் போய்ச் சண்டை போட்டவர் அவர்தான். அதனால்தான் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்காதீங்க மேடம்."

"திரண்டது வெண்ணெய் இல்லை சார். வெறும் நுரை."

"சரி, நுரைதான். யாரு கேட்டா? கேட்காத கேள்விக்கு நீங்க ஏன் பதில் சொல்றீங்க? முதல்ல வெச்சிடுவோம். ஆறு மாசத்துல ஓசைப்படாம திருத்திக்கலாம்."

"அந்த ஆறு மாசம் வீட்டுக்கு அனுப்பறவங்களை யாரு போய்த் திருப்பிக் கூட்டிட்டு வருவா? நீங்களா, நானா?"

"நூத்துல ஆறு பேர் தப்பாப் போறாங்கன்னு நாமதானே எழுதியிருக்கோம்?"

"ஆறு இல்லை சார். எத்தனைன்னே நமக்குத் தெரியாது. அதான் பயமா இருக்கு."

மேஜையில் ஒரு காகிதம் கிடந்தது. வெளிவந்த ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஆய்விதழுக்கு எழுதிய கடிதம். தலைவர் எடுத்துப் படித்தார். "காரணம்னு போட்டு இப்படியா எழுதறது? 'எங்கள் படங்களை நாங்கள் முழுவதும் பார்க்கவில்லை.' மானம் போகும். தொழில்நுட்பக் காரணங்களால்னு போடுங்க."

"எந்தத் தொழில்நுட்பம்? கண்ணைத் திறந்து பார்க்கறதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இவருக்கு வராது. தலைவர் கடைசியாகப் பேராசிரியர் பதவிப் பேச்சை எடுத்தார். அடுத்த மாதம் நேர்காணல், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். இவர் இரண்டு கண்ணாடியையும் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பதவி வரும் போகும்னெல்லாம் நான் வசனம் பேச மாட்டேன் சார். எனக்கு அந்தப் பதவி வேணும். ரொம்ப நாளா வேணும். இதை வெச்சு வேண்டாம், அவ்வளவுதான்."

தலைவர் போன பிறகு இவர் அந்தக் கடிதத்தை ஒரு வரி மாற்றாமல் உறையில் போட்டு ஒட்டினார்.

விழா நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அழைப்பிதழ் அடித்தாயிற்று, ஆட்கள் கிளம்பியாயிற்று. இவர் நிலையங்களுக்குத் தனியாக எழுதிய கடிதத்தை, "அறிஞர்களுக்கே உரிய தயக்கம்" என்று தலைவர் சொல்லிச் சமாளித்துவிட்டார். மேடையில் செயல்முறை விளக்கம் செய்துகாட்ட இவர் வர மாட்டார் என்று அவர் கணக்குப் போட்டு, வேறு ஆள்கூடத் தயார் செய்திருந்தார். இவர் முதல் ஆளாக வந்து மேடையில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது வரிசையில் அக்கா. "ஒன்பது வருஷமா இவ என்னத்தைத் தடவிட்டிருந்தான்னு நானும் பார்க்கணும் இல்ல?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் சொன்னார்.

பத்துப் படங்கள் தயாராகக் கொடுக்கப்பட்டிருந்தன. அவற்றை இவர் தொடவே இல்லை. கறுப்புப் பூசிய படத்தைத் திரையில் போட்டு, ஓட்டி, தொண்ணூற்று மூன்று வந்ததும் சபையைப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். "சிரிங்க. நானும் முதல்ல சிரிச்சேன்" என்றார். பிறகு தலையணைக் கதையை நாலே வாக்கியத்தில் சொன்னார். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "தப்பு மெஷினோடது இல்லை. நாங்க கத்துக் கொடுத்ததைத்தான் அது கத்துக்கிச்சு. தப்பு எங்களோடது. முதல் பேரு என்னுது."

அடுத்த படம். "ஐம்பத்தெட்டு வயசுப் பெண். பஞ்சாலையில வேலை பார்த்தவங்க. அனுமதி வாங்கியிருக்கேன், பேர் சொல்றது முறை இல்லை." புரோகிராம் ஏழு என்றது. "ஊதற சோதனையில இவங்களுக்குப் பாதி மூச்சுதான் வருது. உங்க நிலையம் இவங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கும்."

தலைவர் கீழே முதல் வரிசையிலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய, நிலையங்கள் அனைத்துக்கும் பொறுப்பான தலைமை மருத்துவர் அம்மையார் அவருக்குப் பக்கத்தில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். "ஒரே ஒரு ஆளை வெச்சு இவ்வளவு பெரிய ஏற்பாட்டை நிறுத்தச் சொல்றீங்களா?"

மேடையிலிருந்து பதில் வருமுன் என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா எழுந்துவிட்டார்.

"அந்த ஒரு ஆள் நான்தான்மா."

குரல் நாலு வரிசைகூடத் தாண்டியிருக்காது. பின்னாலிருந்து "கேட்கலை" என்றார்கள். வேகமாக எழுந்ததிலும் உரக்கப் பேசப் பார்த்ததிலும் அக்காவுக்கு இருந்த காற்று தீர்ந்துபோயிற்று. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உட்காருங்கள் என்று நான் கையைத் தொட்டேன். தட்டிவிட்டார்.

இவர் மைக்கைக் கழற்றிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். ஒயர் தரையில் இழுபட்டு, மூன்றாவது வரிசைக்கு வந்தபோது விறைத்து நின்றது. அதற்கு மேல் வராது என்று தெரிந்ததும் கையை நீட்டி மைக்கை அக்காவின் வாய்க்கு அருகே பிடித்தார். ஒலிபெருக்கியில் முதலில் பேச்சு வரவில்லை. காற்று உள்ளே போகிற சத்தம் வந்தது. போன காற்று வெளியே வரப் பாடுபடுகிற சத்தம் வந்தது. அந்த அரங்கத்தில் முந்நூறு பேர் இருந்தோம், பாதிப் பேர் நுரையீரல் டாக்டர்கள்.

"நான்..." என்றார் அக்கா. மறுபடி மூச்சு.

தலைவர் எழுந்து அருகே வந்து, "நேரமாச்சு மேடம், அடுத்த நிகழ்ச்சி இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். இவர் திரும்பவில்லை. தலைமை மருத்துவர் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, நாற்காலியோடு அக்காவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நான் எங்கயும்... அவசரமா போகல" என்றார் அக்கா. "மெதுவா... சொல்றேன்."

"சொல்லுக்கா" என்றார் இவர். மைக்கைப் பிடித்த கை வலித்திருக்க வேண்டும். மறு கைக்கு மாற்றிக்கொண்டு, நீட்டியபடியே நின்றார்.